மாமாவுக்கு இனி இதுதான் வாழ்க்கையா?

வாசகர் கேள்விகள்: ரங்கூனிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா பதில் சொல்கிறார்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நாலு கடிதம் மூச்சைப் பற்றியது. பனி இறங்கும் மாதங்களில் எப்போதும் இப்படித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்த நாலுக்கு மட்டும் எழுதுகிறேன்.

*

“அக்கா, நாங்கள் ரங்கூன் டவுனில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. மாமனாருக்கு 68 வயது. நாற்பது வருஷமாகக் கோயில் விசேஷத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் சமைத்தவர். விறகடுப்புப் புகை போதாதென்று சுருட்டும் உண்டு. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபட்டு நுரையீரல் நாளாக நாளாகக் கெடும் நோய் என்று ஏழு வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மூச்சு முட்டி ஐசியூவில் சேர்த்தோம். 12 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. குளியலறைக்குப் போய்வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராத்திரியில் அழுகிறார். ஆஸ்பத்திரியில் ஒருவன் கத்தியோடு வந்தான் என்கிறார். ரசத்துக்கு என்ன போடுவது என்று நேற்று என்னைக் கேட்டார், நான் சமையலறைக்குள் போய் அழுதேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ‘இப்படிக் கஷ்டப்படவா மெஷினில் போட்டுக் காப்பாற்றினீர்கள்’ என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் உள்ளே போய்விட்டது. நாங்கள் செய்தது தப்பா? மாமாவுக்கு இனி இதுதான் வாழ்க்கையா?”

தங்கச்சி, ஐசியூ வாசலில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், “பிழைப்பாரா?” பிழைத்த பிறகு எப்படி இருப்பார் என்று நீங்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. முப்பத்தோரு வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள் நான். எத்தனை குடும்பத்தை இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அதனால் உங்களுக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கால். குளியலறை வரை போவதற்கே மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை. லண்டனில் ஐசியூ நோயாளிகள் 63 பேரின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் சராசரியாக 17.7 சதவீதம் கரைந்துபோயிருந்தது. மாமா 12 நாள் படுத்திருந்தவர், கூடவே ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருப்பார்கள், அதுவும் தசையைத் தின்னும். வற்றிய காலுக்கு அதே பத்தடி நடக்க முன்னைவிட அதிகக் காற்று வேண்டும். பழைய நுரையீரலில் அந்தக் காற்று இல்லை. இதில் நல்ல செய்தி, நுரையீரலில் அழிந்த பாகம் திரும்பி வராது என்றாலும் கால் தசை திரும்பி வரும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கை வைத்த நாற்காலி ஒன்று போதும். காலையும் மாலையும் ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. ஒரு வாரம் போனதும் எட்டு தடவை. அப்புறம் வராந்தாவில் நடை. கொஞ்சம் மூச்சு வாங்கும், வாங்கட்டும். பேச்சு நின்றுபோகும் அளவுக்கு வாங்கினால் உட்கார வேண்டும். உடம்பு சரியாகட்டும், அப்புறம் நடக்கலாம் என்று கட்டிலிலேயே வைத்திருப்பதுதான் நம் வீடுகளில் அன்பின் பேரில் நடக்கிற பெரிய கெடுதல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலு வாரத்துக்குள் நுரையீரல் பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இன்றைக்கே தொடங்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து காட்டிக்கொடுத்தாலும் மிகவும் நல்லது.

மூச்சு விடுவதற்கு மாமாவுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஊதுகுழல் பிடித்தவர். தணல் அணையாமல் இருக்க மெல்ல ஊதுவார் இல்லையா, அதேபோல உதட்டைக் குவித்து ஊதச் சொல்லுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, குவித்த உதட்டால் நாலு எண்ணும் வரை விட வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போகிறது, வெளியேறும் வழிதான் அமுங்கிக்கொள்கிறது. பழைய காற்று உள்ளேயே தேங்குவதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. உதட்டைக் குவித்து விட்டால் உள்ளே சின்னக் குழாய்கள் கொஞ்ச நேரம் அமுங்காமல் திறந்திருக்கும். திணறும்போது முன்னால் சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி, இப்படி ஊதட்டும். முகத்துக்கு நேராக விசிறுங்கள். விசிறிக் காற்று முகத்தில் பட்டால் திணறல் உணர்வு குறையும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஓலை விசிறி போதும், கரண்ட் வேண்டாம்.

அடுத்தது கத்தியோடு வந்தவன். அது பைத்தியம் இல்லை. ஐசியூவில் மயக்க மருந்து, காய்ச்சல், தூக்கமின்மை, ரத்தத்தில் தேங்கும் கரிக்காற்று (கார்பன் டை ஆக்சைடு) எல்லாம் சேர்ந்து புத்தியைக் கலக்கிவிடும். அந்த நேரத்தில் பார்த்தது கனவு மாதிரி மங்காமல் நிஜம் மாதிரி பதிந்துவிடும். டேப்பை வெட்டக் கத்தரிக்கோலோடு குனிந்த நர்ஸாகவே இருக்கலாம் அவன். “அப்படி யாரும் வரவில்லை, சும்மா இருங்கள்” என்று சொல்லாதீர்கள், அவர் பார்த்தார். அதற்குப் பதிலாக அந்த 12 நாளை அவருக்குக் கதையாகச் சொல்லுங்கள். என்றைக்குக் குழாய் போட்டார்கள், என்றைக்கு எடுத்தார்கள், யார் யார் வந்தார்கள், உங்கள் வீட்டுக்காரர் எங்கே படுத்திருந்தார், தீபாவளியன்று வீட்டில் என்ன செய்தீர்கள் என்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸ்களே நோயாளிக்காக இப்படித் தினமும் டைரி எழுதி வைத்துக் கொடுப்பார்கள். நமக்கு அது இல்லை, உங்கள் ஞாபகம் இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், ராத்திரி அழும்போது எடுத்து வாசிக்கலாம்.

ரசத்தை மறந்ததும் இதே வகைதான். அமெரிக்காவில் 821 ஐசியூ நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் எழுதினார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்ததில் நூற்றுக்கு 40 பேருக்கு ஞாபகமும் கவனமும், தலையில் நடுத்தரமாக அடிபட்டவர்களுக்கு இருக்கும் அளவுக்குக் குறைந்திருந்தது. பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகும் குறை இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரைச் சமையலறை வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, “மாமா, இன்றைக்குச் சாம்பார், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கரியடுப்பும் மிளகாய் வறுக்கும் நெடியும் மட்டும் அவர் பக்கம் வரக் கூடாது. சுருட்டு வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

சாப்பாட்டை மூன்று வேளையாகக் கொடுக்காமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு நிறைந்தால் மூச்சுக்கு இடமிருக்காது. முட்டை, மீன், பருப்பு தினமும் வேண்டும், தசை அதிலிருந்துதான் கட்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் டாக்டரிடம் சொல்லுங்கள், தொண்டையில் இருந்த குழாய் விழுங்குவதையும் கெடுத்திருக்கலாம். எரிந்து விழுவதோடு கூடக் காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சுக் குழறல் என்று இருந்தால் அது கோபம் இல்லை, கரிக்காற்று தேங்குகிறது. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். சளி பச்சையாக மாறினாலும், கால் வீங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் அப்படித்தான்.

இப்போது சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி.

என் அண்ணனுக்கும் இதே நோய். ஒன்பது நாள் வென்டிலேட்டர். வேறு ஆஸ்பத்திரி, ஆனால் என் வேலையே அதுதான் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்தபோது, உங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன அதே வார்த்தை எனக்குள் ஓடியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் மாடி, 54 படி. இனி இவர் தெருவையே பார்க்க மாட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் அப்படிக் கட்டவில்லை. வீட்டுப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறும் கிளிப்பும் எல்லா வீட்டிலும் உண்டே, அதில் ஒரு பையை மாட்டி பிளாஸ்க்கை இறக்குவார். கீழே டீக்கடைப் பையன் டீ ஊற்றி, இரண்டு பேஜோவும் (பருப்புப் பலகாரம்) கட்டி மணியை ஆட்டுவான். அண்ணன் இழுப்பார். முதல் மாதம் பாதி தூரம் இழுத்துவிட்டு அண்ணியைக் கூப்பிடுவார். மூன்றாம் மாதம் முழுக்க அவரே இழுத்தார். கை தேறினால் கால் தேறும் என்று அதற்குப் பிறகுதான் படியில் இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தந்த மாடிக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வைத்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு பர்மியப் பாட்டி, அவர் உட்காரும்போதெல்லாம் பேச்சுக் கொடுக்க வெளியே வருவார். இறங்கி ஏற நாற்பது நிமிஷம் ஆகும்.

ஒரு நாள் கேட்டேன், “அண்ணே, அன்றைக்குக் குழாய் போட்டோமே, அது உனக்குச் சம்மதம்தானா?” என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலையில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இதைப் போய் கேட்கிறாயே” என்றார். அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார்.

அண்ணன் ஒருவர் சொன்னதை வைத்து மட்டும் நான் பேசவில்லை. பிரிட்டனில் 92 ஐசியூக்களிலும் இன்னும் சில பிரிவுகளிலுமாகச் சேர்க்கப்பட்ட 832 பேரை, மாமா மாதிரி சிஓபிடியோ, அல்லது ஆஸ்துமாவோ முற்றியவர்களை, ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். 62 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதாவது நூற்றுக்கு 38 பேர் இல்லை, நோய் அவ்வளவு கடுமையானது. இருந்தவர்களில் கேள்விக்குப் பதில் அனுப்பியவர்கள் 421 பேர். உங்கள் வாழ்க்கை முன்பு நன்றாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்டதற்கு, 73 சதவீதம் பேர் அதே மாதிரி அல்லது மேல் என்றார்கள். மறுபடி தேவைப்பட்டால் இதே சிகிச்சைக்குச் சம்மதமா என்றதற்கு 96 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். நோயாளி உள்ளே வரும்போதே, பிழைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டர்களைக் கணிக்கச் சொன்னார்கள். மொத்தமாக 49 சதவீதம் என்றார்கள், பிழைத்தது 62. தேறவே மாட்டார்கள் என்று நினைத்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு வெறும் 10 சதவீதம் என்றார்கள், பிழைத்தது 40. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாருமே, டாக்டரோ தங்கையோ சொந்தக்காரரோ, குறைத்துத்தான் போடுகிறோம்.

அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவர் செய்தது தப்பில்லை. மாமா இப்போது படுவது நிஜம், ஆனால் இது ஆறாவது வாரம்தான். மாமாவின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மாமாவைத் தவிர எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அவரைக் கேளுங்கள். “எப்படி இருக்கிறது” என்று கேட்டால் “இருக்கேன்” என்பார். “எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்” என்று கேளுங்கள். காளியம்மன் கோயில் மடப்பள்ளியில் போய் ஒரு நாள் உட்கார வேண்டும் என்பாரோ, தானே குளிக்க வேண்டும் என்பாரோ, அதை வைத்துப் பயிற்சியைத் திட்டமிடுங்கள்.

அளந்து பார்க்க ஒரு வழியும் உண்டு. உலகமெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் எட்டுக் கேள்வி. இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், ஒரு மாடி ஏறினால் மூச்சு, வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம், தூக்கம், தெம்பு. ஒவ்வொன்றுக்கும் தொந்தரவே இல்லையென்றால் 0, மோசமென்றால் 5, மொத்தம் 40. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே போடட்டும், நீங்கள் போடக் கூடாது. இரண்டு எண் குறைந்தாலே முன்னேற்றம்தான். வெளியே போகும் தைரியத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்களே, அதற்காகவே எனக்கு இந்தக் கேள்வித்தாளைப் பிடிக்கும்.

கடைசியாக நீங்கள், தங்கச்சி. ராத்திரி அவர் அழுதால் எழுந்து போவது தினமும் நீங்கள்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நோயாளியோடு குடும்பமும் நோயில் விழும் என்பது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. வாரத்தில் மூன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் எழட்டும். குற்ற உணர்ச்சி கொஞ்சம் கரைய அவருக்கும் அது நல்லது.

*

“அக்கா, தன்லினிலிருந்து எழுதுகிறேன். சிஓபிடி முற்றி ஐசியூவில் இருந்து வந்த அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கியிருக்கிறோம். நிமிஷத்துக்கு 1 லிட்டரில் வைக்கச் சொன்னார்கள். கரண்ட் போகும் நேரமெல்லாம் உயிர் போய் வருகிறது. மூச்சு வாங்கினால் கூட்டி வைக்கலாமா? அம்மா சாமி விளக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்கிறார், சரியா?”

தம்பி, 2021 ஜூலையில் கொரோனா உச்சத்தில் இந்த ஊரில் ஆக்சிஜன் உருளையோடு வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் கரண்ட் போனால் பயம் வராமல் இருக்காது. ஆனால் உங்கள் பயத்தில் பாதியைக் கணக்குப் போட்டே குறைக்கலாம்.

வீட்டு ஆக்சிஜன் ஆயுளை நீட்டும் என்பது 1980-லும் 81-லும் வந்த இரண்டு ஆய்வுகளில்தான் தெரிந்தது. அதில் ஓர் ஆய்வில் கொடுத்தது ஒரு நாளைக்கு 15 மணி நேரம். இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான். உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குக் குறைந்தது 15 மணி நேரம், தூங்கும் நேரத்தையும் சேர்த்து. ஆக, கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்து அந்த 15-ஐ நிரப்புங்கள். குளிப்பதையும் நடப்பதையும் மெஷின் ஓடும் நேரத்தில் வையுங்கள். கரண்ட் போனால் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும், விரலில் ஆக்சிமீட்டரை (அந்த அளவைக் காட்டும் கிளிப்) மாட்டிப் பாருங்கள். மெஷின் இல்லாமல் உட்கார்ந்த இடத்தில் எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்பதை டாக்டரிடம் காட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் இருப்பது 2400 வாட் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் மூன்று மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் உருளை. 10 லிட்டர் உருளையில் 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1500 லிட்டர் இருக்கும். அம்மாவின் 1 லிட்டர் கணக்கில் அது 25 மணி நேரம். கரண்ட் போனால் மட்டும் திறந்தால் பல நாளைக்கு வரும்.

கூட்டி வைப்பது மட்டும் வேண்டாம். இதை எத்தனை தடவை எழுதினாலும் போதாது. சிஓபிடிக்காரர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88-க்கும் 92-க்கும் நடுவில் இருப்பதுதான் பத்திரம். அன்பால் திருகித் திருகி 98-க்குக் கொண்டுபோனால் கரிக்காற்று ஏறி, சத்தமில்லாமல் மயக்கமாகிவிடுவார்கள். அப்படி விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நிம்மதியாகத் தூங்குகிறார்’ என்று வீட்டில் நினைத்திருப்பார்கள்.

விளக்கு ஏற்றட்டும், ஆனால் அம்மா இருக்கும் அறையில் வேண்டாம். மெஷினும் குழாயும் இருக்கும் இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் படிந்த சேலையும் தலைமுடியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கற்பூரமும் அப்படியே. சாம்பிராணியும் ஊதுபத்தியும் வீட்டுக்குள் அறவே வேண்டாம், அது நெருப்புக்காக இல்லை, புகைக்காக. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடா என்று அம்மா வருத்தப்படுவார்கள், எனக்கும் புரிகிறது. பூ வையுங்கள்.

*

“பெகுவிலிருந்து எழுதுகிறேன். பாட்டிக்கு இன்ஹேலரை அமுக்கவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் வரவில்லை. மருந்தெல்லாம் நாக்கில்தான் படுகிறது. இன்ஹேலரோடு மாட்டி இழுக்கும் குடுவை, ஸ்பேசர் என்பார்களே, அது எங்கள் பக்கம் கிடைக்கவில்லை.”

தண்ணீர் பாட்டில் போதும். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். கம்பியை அந்த வடிவத்துக்கு வளைத்துச் சூடு பண்ணி அழுத்தினால் அளவாக வரும். இடைவெளியை டேப் போட்டு அடைத்துவிடுங்கள். பாட்டியின் உதடு பாட்டில் வாயில் இருக்க, நீங்கள் ஒரு தடவை அமுக்க, அவர் நிதானமாக நாலைந்து மூச்சு இழுக்கட்டும். அடுத்த அமுக்கு அதற்கு அப்புறம்தான். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் சோதித்து, இந்தப் பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 1999-ல் எழுதினார்கள். வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள், துடைத்தால் மருந்து பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

*

“தங்கச்சிக்கு, மொல்மீனிலிருந்து எழுதுகிறேன். வயது 71. எனக்கும் சிஓபிடிதான். இரண்டு தடவை ஐசியூவில் மெஷினில் இருந்து வந்தவன். இரண்டாவது தடவை பட்டதை மறுபடி பட எனக்கு மனசில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் ‘அபசகுனமாகப் பேசாதீர்கள் அப்பா’ என்கிறார்கள். ஆனால் பேத்தி கல்யாணம் பேசியிருக்கிறது, அதைப் பார்க்கவும் ஆசை. மெஷின் வேண்டாம், கல்யாணமும் பார்க்க வேண்டும் என்றால் அது நியாயமா?”

அண்ணே, முழு நியாயம். இரண்டு ஆசையும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

மெஷின் என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. தொண்டைக்குள் குழாய் போட்டு மயக்கத்தில் வைப்பது ஒன்று. முகத்தில் இறுக்கமாக மாஸ்க் போட்டு, விழித்திருக்கும்போதே காற்றைத் தள்ளுவது இன்னொன்று. உங்கள் நோய்க்கு அந்த மாஸ்க் மிகவும் பொருத்தம். அது குழாய் போட வேண்டிய அவசியத்தையும் இறப்பையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆக, “எதுவும் வேண்டாம்” என்று சொல்வதற்கு முன் யோசித்துப் பாருங்கள். “மாஸ்க் சரி, குழாய் வேண்டாம்” என்று சொல்லலாம். “குழாயும் போடலாம், ஆனால் ஐந்து நாள் பார்த்து, தேறவில்லையென்றால் எடுத்துவிட வேண்டும்” என்றும் சொல்லலாம். கல்யாணம் வரை ஒன்று, அதற்குப் பிறகு வேறொன்று என்று மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எதுவானாலும் மூச்சு நன்றாக இருக்கும் நாளில், உங்கள் டாக்டரிடம் பேசி, ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூச்சு முட்டும் ராத்திரியில் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் உங்களால் சொல்ல முடியாது.

குழாய் வேண்டாம் என்றால் திணறவிட்டுவிடுவார்களோ என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். மார்ஃபின் கொஞ்சமாகக் கொடுத்தால் திணறல் உணர்வு அடங்கும். அதை டாக்டர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும், அழைத்துப் போங்கள். பிள்ளைகளில் யார் உங்கள் வார்த்தையைத் தாங்குவாரோ அவரிடம் முதலில் பேசுங்கள், மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. “நான் சாவதைப் பற்றிப் பேச வேண்டும்” என்று ஆரம்பிக்காதீர்கள். பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசுவோம் என்று உட்கார வைத்து, அதிலிருந்து இதற்கு வாருங்கள்.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் கழித்தும் ரத்தத்தில் கரிக்காற்று கூடுதலாகவே இருந்தால், ராத்திரியில் அந்த மாஸ்க் மெஷினை வீட்டிலேயே போடலாம். பிரிட்டனில் 116 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவோ இறக்கவோ ஆன இடைக்காலம் 1.4 மாதம், மாஸ்க்கும் சேர்த்து வைத்தவர்களுக்கு 4.3 மாதம். ஒரு கல்யாணத்துக்கு அந்த மூன்று மாதம் போதும்.

கல்யாணத்தன்று மணவறைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள், தாத்தா இல்லையா. ஓமப் புகை நேராக அங்கேதான் வரும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வாசல் பக்கமாக நாற்காலி போடச் சொல்லி இப்போதே சொல்லி வையுங்கள். எழுந்து ஆசீர்வாதம் பண்ணுவதற்குக் கால் மணி முன்பு இன்ஹேலர் இழுத்துக்கொள்ளுங்கள். அட்சதையை உட்கார்ந்தே போடலாம். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள் அண்ணே.